இன்ஹேலர் எடுப்பவர் வாயில் வெண்படலம்: மருந்து போட்டால் போகிறது, விட்டால் வருகிறது

மூச்சுமுட்டி:

எனக்கு ஆஸ்துமா. காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறேன். கொஞ்ச காலமாகக் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்தின் பின்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் ருசி மந்தமாகிவிட்டது, காரம் பட்டால் எரிகிறது. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பூஞ்சைத் தொற்று, ஓரல் திரஷ்" என்று சொல்லி நிஸ்டாடின் திரவம் எழுதிக் கொடுத்தார். போட்டதும் போனது. நிறுத்தியதும் வந்தது. மறுபடியும் போட்டேன், இப்போது முன்பு போல முழுதாகக்கூடப் போகவில்லை.

நிஸ்டாடின் வலு போதாதா, மாத்திரையாகக் கேட்டு வாங்கலாமா? வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? இன்ஹேலரையே நிறுத்திப் பார்க்கலாமா என்றும் ஓர் எண்ணம்.

மழைக்குருவி:

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவசரப் பதில்: நிறுத்தாதீர்கள். வாயில் படலம் வந்தால் எரிச்சல், மூச்சுக்குழாய் இறுகினால் உயிருக்கே ஆபத்து. படலத்தை நாக்கு வழிப்பானால் அழுத்தி வழித்துவிட்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பல்லாண்டு:

மழைக்குருவி சொன்னதில் முதல் பாதிக்கு ஒரு கும்பிடு. இரண்டாம் பாதி வேண்டாம். நான் பல் மருத்துவம் பார்ப்பவன், வழித்து வழித்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. எந்த நோயும் இல்லாத பலருடைய வாயிலும் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. எச்சில், கூடவே வாழும் பாக்டீரியாக்கள், உடலின் எதிர்ப்பு சக்தி மூன்றும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. இதில் ஒன்று தளர்ந்தால் உருண்டையாக இருந்த ஈஸ்ட் இழை விட்டு, வாயின் மேல்தோலுக்குள் இறங்குகிறது. இழையாக மாறிய பிறகு அது சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சை 2016-இல் கண்டுபிடித்தார்கள். செல்களைத் துளைத்துச் சேதப்படுத்துவது அதுதான். எனவே யாரிடமிருந்து ஒட்டியது என்று தேடிப் பயனில்லை. வாயில் எது தளர்ந்தது என்று பாருங்கள். உங்கள் பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் தடை இல்லை, ஆரோக்கியமான பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

அடையாளம் காண ஒரு வழி. சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி, ஒரு திட்டை மெல்ல ஒற்றி எடுங்கள். திரஷ் என்றால் தயிர்த் துணுக்கு போல உரிந்து வரும், அடியில் சிவந்திருக்கும், சில இடத்தில் லேசாக ரத்தம் கசியும். பார்ப்பதற்காக ஒரு முறை செய்தால் போதும். தினமும் செய்தால் அந்தச் சிவந்த இடம் ஆறவே ஆறாது.

ஒற்றியும் அசையாத வெள்ளைத் திட்டு வேறு விஷயம். லைக்கன் பிளேனஸ் என்ற அழற்சியாக இருக்கலாம், சில சமயம் புற்றாக மாறக்கூடிய லியூகோபிளேக்கியாவாக இருக்கலாம். பூஞ்சையிலேயே தடித்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும் வகையும் உண்டு. குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் வெள்ளையையோ சிவப்பையோ நேரில் காட்டியே ஆக வேண்டும். துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

இன்னொன்று, பூஞ்சை எப்போதும் வெள்ளையாகவே வரும் என்றும் இல்லை. ஆன்டிபயாடிக் ஒரு சுற்று முடிந்த பிறகு நாக்கு வழவழவென்று சிவந்து எரிந்தால் அதுவும் கேண்டிடாவாக இருக்கலாம். வெள்ளையே இருக்காது என்பதால் பலர் இதை வெறும் வயிற்றுச் சூடு என்று விட்டுவிடுகிறார்கள்.

மூச்சுமுட்டி, நான் கேட்க வேண்டியவை: இன்ஹேலர் அழுத்தும் வகையா, பொடி வகையா? ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் குழாய்) உண்டா? எடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள்? நிஸ்டாடினை எப்படிப் போடுகிறீர்கள்? சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மூச்சுமுட்டி:

அழுத்தும் வகை. ஸ்பேசர் இல்லை, நேராக வாயில்தான். காலையில் பல் தேய்த்துவிட்டு இன்ஹேலர், அப்புறம் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். இரவில் பல் தேய்த்து, இன்ஹேலர் எடுத்து, படுப்பேன். நிஸ்டாடினை சொட்டுக் குழாயால் நாக்கில் விட்டு விழுங்குகிறேன். வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று ஈறுக்காக வாங்கிய குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கொப்புளிப்பானும் சேர்த்துக்கொள்கிறேன், நிஸ்டாடினுக்குச் சற்று முன்பு. சர்க்கரை பார்த்ததே இல்லை.

இரவுப்பணி:

பல்லாண்டு சாருக்கு முன்னால் நான் குறுக்கே விழுகிறேன், இது என் துறை. மருந்தாளுநர்.

மருந்து தோற்கவில்லை, மருந்துக்கு வாயில் இடமே கிடைக்கவில்லை. நிஸ்டாடினைக் குளோர்ஹெக்ஸிடினோடு அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் பிணைந்து பலன் குறைந்துபோகும். இரண்டும் தேவை என்றால் நடுவில் குறைந்தது அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உங்கள் விஷயத்தில் வாய்க்கொப்புளிப்பானைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கலாமா என்று உங்கள் பல் மருத்துவரிடம் கேட்பதே சுலபம்.

அடுத்தது விழுங்குவது. நிஸ்டாடின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறுவதில்லை என்றே சொல்லலாம். 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து இது. இத்தனை ஆண்டுகளாகியும் கைக்குழந்தைக்குக்கூடத் தைரியமாகக் கொடுப்பதற்குக் காரணமே ரத்தத்தில் கலக்காததுதான். அதே காரணத்தால், தொட்ட இடத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும். நாக்கில் விட்டு உடனே விழுங்கினால் கன்னத்துப் பூஞ்சைக்கு மருந்து வந்த சேதியே தெரியாது.

வழக்கமான திரவத்தில் 1 மில்லியில் 1,00,000 யூனிட் இருக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக எழுதும் அளவு 4 முதல் 6 மில்லி, நாளுக்கு 4 வேளை, 7 முதல் 14 நாள். உங்கள் சீட்டில் உள்ள அளவே உங்களுக்கு. போடும் விதம்: புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். பாதியை ஒரு கன்னத்திலும் மீதியை மறு கன்னத்திலும் விட்டு, வாய் முழுக்கச் சுழற்றி, தாங்கும் வரை வைத்திருந்து பிறகு விழுங்குங்கள். சாப்பிட்டு வாய் கழுவிய பின் போடுங்கள். போட்ட பிறகு சற்று நேரம் எதுவும் குடிக்கக்கூடாது. படலம் மறைந்ததும் புட்டியை மூடாதீர்கள், அதற்குப் பிறகும் குறைந்தது 48 மணி நேரம் தொடர வேண்டும்.

பல்லாண்டு:

இரவுப்பணி அவர்கள் பாதி சுமையை இறக்கிவிட்டார். மீதி, இன்ஹேலர்.

வாய் வழியாக இழுக்கும் மருந்தில் கணிசமான பங்கு நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலும் அண்ணத்திலும் படிந்துவிடுகிறது. ஸ்டீராய்டு படிந்த இடத்தில் உள்ளூர் எதிர்ப்பு சக்தி மழுங்கும். உங்களுக்குப் படலம் சரியாக அண்ணத்தின் பின்பக்கம் வருவதற்கு இதுதான் காரணம். ஸ்பேசர் மாட்டினால் பெரிய துளிகள் அந்தக் குழாயிலேயே தங்கிவிடும், மூச்சுக்குள் போகும் அளவும் கூடும். ஸ்பேசர் அழுத்தும் வகைக்கு மட்டும், பொடி வகைக்குப் பொருந்தாது.

வரிசையையும் மாற்றுங்கள். முதலில் இன்ஹேலர், அப்புறம் பல் தேய்ப்பது. எடுத்தவுடன் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்புளித்து, தலையை அண்ணாந்து தொண்டையிலும் கரகரக்கவிட்டு, துப்புங்கள். விழுங்க வேண்டாம். இரவில் படுக்கப் போகும்போது இன்ஹேலர் எடுத்து அப்படியே கண்ணை மூடினால், எச்சில் ஊறுவது குறைந்திருக்கும் நேரம் முழுவதும் ஸ்டீராய்டு வாயில் கிடக்கிறது.

இவ்வளவும் செய்தும் திரும்பினால் உங்கள் மூச்சு மருத்துவரிடம் அளவைக் குறைக்க முடியுமா, மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள். சிக்லிசோனைட் போன்றவை நுரையீரலுக்குள் போன பிறகே முழு வீரியம் பெறுகின்றன, வாயில் தொல்லை குறைவு. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். மாத்திரை தேவையா என்பதும் இதற்கெல்லாம் பிறகு வரும் கேள்வி.

சர்க்கரை பார்த்துவிடுங்கள். இன்ஹேலர் என்ற காரணம் கையில் இருப்பதாலேயே மற்றதைத் தேடாமல் விட்டுவிடுகிறோம்.

தூங்காத தாய்:

விவாத இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு மூன்று மாதம். நாக்கில் வெள்ளை. மாமியார் "அக்கரம், தேன் தடவு" என்கிறார். என் அம்மா "வெறும் பால்தான்" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை, யார் சொல்வதைக் கேட்பது?

இரவுப்பணி:

தேன் வேண்டாம் தாயே, அதை மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சுத் தொற்று வர வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் குழந்தையின் தசைகள் தளர்ந்து மூச்சே தடைபடலாம்.

வெள்ளை நாக்கில் மட்டும், மெல்லியதாக, பால் குடித்த பிறகு அதிகமாக இருந்தால் அது பால். உதட்டைக் கீழே இழுத்து உள்பக்கம் பாருங்கள், கன்னத்தின் உட்புறம் பாருங்கள், ஈறு பாருங்கள். அங்கெல்லாம் திட்டுத் திட்டாக இருந்து, ஒற்றினால் லேசில் வராமல், வந்தால் சிவந்து தெரிந்தால் திரஷ். குழந்தை முலையைப் பிடித்துவிட்டு அழுது விடுவது, டயபர் இடத்தில் ஓரம் தெளிவான சிவப்பும் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருப்பது, இவையும் சேர்ந்து வரலாம். பிறந்த முதல் சில மாதங்களில் இது சாதாரணம், நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் வந்ததில்லை.

குழந்தை மருத்துவர் நிஸ்டாடின் கொடுத்தால் பால் குடித்த பிறகு, இரண்டு கன்னத்துக்கும் பிரித்து விடுங்கள். வாயில் வைக்கும் ரப்பர், பால் புட்டி முனை எல்லாவற்றையும் கொதிக்க வையுங்கள்.

பூஞ்சைக்கு வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மருந்து, ஆனால் பிசுபிசுப்பானது. ஒரே உருண்டையாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டால் பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறும். பிரிட்டனில் 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அதற்கு அனுமதி இல்லை, குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் தள்ளிப்போகும். பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது என்று வாங்கிப் போடாதீர்கள். முலையில் தடவிக் குடிக்க விடுவதும் கூடாது.

தூங்காத தாய்:

உதட்டுக்குள்ளும் இருக்கிறது. நாளைக் காலை மருத்துவரிடம் போகிறோம். எனக்கும் பால் கொடுக்கும்போது ஊசி குத்துவது போல வலிக்கிறது, அதுவும் இதுதானா?

இரவுப்பணி:

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முலைக்காம்பு வலி என்றாலே பூஞ்சை என்று மருந்து கொடுத்த காலம் உண்டு. இப்போது அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள், ஏனென்றால் குழந்தை சரியாகப் பிடிக்காததால் வரும் வலியே அதிகம். நாளை நீங்களும் சேர்ந்து காட்டுங்கள். பூஞ்சைதான் என்று உறுதியானால் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். இல்லையென்றால் அவனிடமிருந்து உங்களுக்கும், உங்களிடமிருந்து அவனுக்கும் போய்க்கொண்டே இருக்கும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

கடுக்காய்:

ஆங்கில மருந்துக் கூட்டம் எப்போதும் இப்படித்தான். மூலம் குடலில். இனிப்பை அடியோடு நிறுத்தினால் பூஞ்சை பட்டினியில் செத்துவிடும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பிப் பாருங்கள், நூல் நூலாகக் கீழே இறங்கினால் உடம்பு முழுக்கக் கேண்டிடா. பரிசோதனைக்கூடமே வேண்டாம்.

பல்லாண்டு:

அந்த டம்ளர் சோதனையை என் வீட்டில் யார் செய்தாலும் நூல் இறங்கும். எச்சிலில் மியூசின் என்ற வழுவழுப்பான புரதம் இருக்கிறது. காலையில் எச்சில் கெட்டியாக இருக்கும், அதனால் இறங்கும். அதற்கும் பூஞ்சைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பஞ்சால் தடவி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்கூட, கேண்டிடா வளர்ந்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது, நோயே இல்லாதவர் வாயிலும் அது இருக்கும் என்று மேலே சொன்னேனே. வாயைப் பார்த்துத்தான் முடிவு. ஆய்வக வளர்ப்பு எப்போது கைகொடுக்கும் என்றால், மருந்துக்கு அடங்காதபோது. கேண்டிடா குருசை என்ற இனம் ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரைக்கு இயல்பாகவே மசியாது, கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இனம் பல சமயம் பிடிவாதம் பிடிக்கும். எந்த இனம் என்று தெரிந்தால் மருந்தை மாற்றலாம்.

இனிப்பு விஷயத்தில் உங்களோடு பாதி தூரம் வருவேன். வாயில் சர்க்கரை ஓயாமல் ஊறிக்கொண்டிருப்பது பூஞ்சைக்கும் பல் சொத்தைக்கும் விருந்துதான், குறைப்பது நல்லது. ஆனால் உண்டான திரஷை உணவுக் கட்டுப்பாடு மட்டும் குணப்படுத்தாது. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு அதைக் கட்டுப்படுத்துவது நிஜமாகவே உதவும்.

கடுக்காய்:

டம்ளர் சோதனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குடல் விஷயத்தில் இல்லை. ஊதா மருந்தாவது ஒப்புக்கொள்வீர்களா?

இரவுப்பணி:

ஜென்ஷியன் வயலட் பூஞ்சையைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் வாயைப் புண்ணாக்கும். புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று 2019-இல் கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது. இத்தனை நல்ல மருந்துகள் இருக்கும்போது அதை ஏன் தேட வேண்டும்?

மட்டுறுத்துநர்:

வாயைப் படம் பிடித்துப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். படத்தை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கே யாரும் படத்தைப் பார்த்து நோய் சொல்ல மாட்டார்கள். விவாதம் தொடரட்டும்.

நடுமகன்:

அப்பாவுக்கு மேல்வரிசை முழுப் பல்செட். அண்ணம் செக்கச்செவேலென்று இருக்கிறது, சரியாகப் பல்செட் மூடும் இடம் மட்டும், கோடு போட்ட மாதிரி. வலி இல்லை என்கிறார். வாய் ஓரங்களும் வெடித்திருக்கின்றன. இரவிலும் கழற்ற மாட்டார். "பல் இல்லாமல் படுத்தால் வீடு தீப்பிடித்தால் எப்படிக் கத்துவது" என்று கேட்கிறார். இதுவும் பூஞ்சையா?

பல்லாண்டு:

அப்பாவின் கேள்வியை ரசித்தேன். பல் இல்லாமலும் கத்தலாம் என்று சொல்லுங்கள்.

ஆம், பெரும்பாலும் பல்செட்டுக்கு அடியில் வரும் கேண்டிடா அழற்சி. வலிக்காது, அதனால்தான் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. இங்கே பூஞ்சையின் வீடு அண்ணம் அல்ல, பல்செட்டேதான். பிளாஸ்டிக்கின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் படலமாக ஒட்டி வளர்கிறது. அண்ணத்துக்கு மட்டும் மருந்து போட்டுப் பல்செட்டை விட்டுவிட்டால் மருந்துதான் தீரும்.

இரவில் கழற்றி வைப்பதுதான் முதல் சிகிச்சை, அதில் சமரசம் கிடையாது. ஒவ்வொரு நாளும் உள்பக்கத்தை மிருதுவான தூரிகையும் சோப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும். சாதாரணப் பற்பசை அதைக் கீறிவிடும். கிருமிநீக்கத் திரவத்தில் ஊறவைக்க வேண்டும். ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) என்றால் நீர்த்த கரைசலில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உலோகப் பாகம் இருந்தால் அது அரித்துவிடும், எனவே கூடவே கூடாது. ஊறியபின் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும். கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். நிஸ்டாடின் போடும்போதும் பல்செட்டைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். தளர்ந்துபோன பழைய செட் என்றால் புதிதாகச் செய்யும் யோசனையும் வரும்.

வாய் ஓர வெடிப்பு பல சமயம் இதோடு கூடவே வரும். பல்செட் தேய்ந்து முகத்தின் கீழ்ப்பகுதி உயரம் குறைந்து, ஓரத்தில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்கும். பூஞ்சையோடு ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் அங்கே இருக்கலாம். வயதானவர் என்பதால் இரும்புச்சத்து, பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

நடுமகன்:

நன்றி டாக்டர். மைக்கோனசோல் ஜெல் வீட்டில் இருக்கிறது, அதையே தடவலாமா? இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் இருக்க, வார்ஃபரின் சாப்பிடுகிறார், அதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இரவுப்பணி:

தடவாதீர்கள்! வாயில் தடவுவதுதானே என்று பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். மைக்கோனசோல் ஜெல்லைத் தடவும்போது விழுங்கப்படும் சிறிதளவே வார்ஃபரின் உடலில் சிதைவதைத் தடுத்து, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) எகிறிவிடும். மூக்கில், சிறுநீரில், சில சமயம் மூளையில் ரத்தக் கசிவு வரை போயிருக்கிறது. ஃபுளூகோனசோல் மாத்திரையும் அதேபோல வார்ஃபரினோடு மோதும். சில கொழுப்பு மாத்திரைகளோடும், சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளோடும் அதற்கு ஒத்துப்போகாது. அப்பாவுக்கு நிஸ்டாடின்தான் பாதுகாப்பான பக்கம். எதுவானாலும் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்:

இன்ஹேலர் இல்லை, பல்செட் இல்லை, ஆன்டிபயாடிக் சாப்பிடவில்லை. வயது முப்பதுக்குள். திரஷ் என்று உறுதி செய்துவிட்டார்கள். இணையத்தில் தேடினால் எச்ஐவி என்று வருகிறது. கை நடுங்குகிறது.

பல்லாண்டு:

நடுக்கம் புரிகிறது. நேராகவே சொல்கிறேன். வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் இளம் வயதில் திரஷ் வந்தால் ரத்தச் சர்க்கரை, முழு ரத்த அணுக்கள், இரும்பு, பி12, ஃபோலேட், எச்ஐவி எல்லாவற்றையும் பார்ப்பது வழக்கம். 1981 ஜூனில் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றி வந்த முதல் அறிக்கையில் இருந்த 5 இளைஞர்களுக்கும் கேண்டிடா தொற்று இருந்தது, எனவே மருத்துவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஆனால் திரஷ் வந்தவர் எல்லாருக்கும் எச்ஐவி என்று ஆகாது. வறண்ட வாய், கண்டறியாத சர்க்கரை நோய், ரத்தசோகை, புகைப்பழக்கம் என்று பட்டியல் நீளம்.

பரிசோதனை செய்யுங்கள். இல்லை என்று வந்தால் நிம்மதி. இருக்கிறது என்று வந்தாலும், இன்றைய மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார். சமீபத்தில் பயப்படும்படியான தொடர்பு ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பரிசோதனையை எப்போது மறுபடி செய்ய வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

வட்டமேசை:

என் மனைவிக்குக் கீமோ நடக்கிறது. வாயில் வெள்ளை வந்தபோது கொப்புளிக்க மருந்து கொடுத்தார்கள். இப்போது விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் வலிக்கிறது என்கிறாள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கலாமா?

இரவுப்பணி:

காத்திருக்காதீர்கள், இன்றைக்கே புற்றுநோய்ப் பிரிவை அழையுங்கள். பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். அங்கே கொப்புளிக்கும் மருந்து எட்டாது, ரத்தத்தில் கலக்கும் மருந்து வேண்டும், வழக்கமாக ஃபுளூகோனசோல், 14 முதல் 21 நாள். காய்ச்சல் இருந்தால் பகலா இரவா என்று பார்க்காமல் அவசரப் பிரிவு.

வட்டமேசை:

அழைத்தேன். இன்றைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். கிளம்புகிறோம்.

மூச்சுமுட்டி:

இழை எங்கெங்கோ போய்விட்டது, நல்லதுக்குத்தான். ஸ்பேசர் வந்துவிட்டது. இன்ஹேலரைப் பல் தேய்ப்பதற்கு முன்னால் மாற்றினேன், வாய்க்கொப்புளிப்பானை நிறுத்தினேன், நிஸ்டாடினை வாயில் வைத்திருக்கிறேன் (குமட்டுகிறது, அது வேறு கதை). அண்ணத்தில் சுத்தமாக இல்லை, கன்னத்தில் ஒரே ஒரு திட்டு மிச்சம். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மூன்று மாத சராசரி பார்க்கச் சொன்னார்கள்.

கடைசிச் சந்தேகம்: பல் தூரிகையை மாற்ற வேண்டுமா? ஸ்பேசரை எப்படிக் கழுவுவது? முதல் முறை துணியால் துடைத்தேன், உள்ளே பொடி பொடியாக ஒட்டுகிறது.

இரவுப்பணி:

தூரிகையைச் சிகிச்சை முடிந்ததும் மாற்றிவிடுங்கள், செலவில்லாத முன்னெச்சரிக்கை. ஸ்பேசரைத் துடைக்கக்கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும், நீங்கள் பார்ப்பது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி பாத்திரச் சோப்புக் கரைத்து முக்கி எடுத்து, அப்படியே நிமிர்த்தி வைத்துக் காற்றில் காயவிடுங்கள். வாய் வைக்கும் முனையை மட்டும் தண்ணீரில் அலசுங்கள். வால்வு மடல் விறைத்துப்போனாலோ கிழிந்தாலோ புதிது வாங்குங்கள்.